அடிவண்டல்

மேனகா பயப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. கேஸ் வாடை வருகிறதா என்று வெறும் காற்றை முகர்ந்து பார்ப்பாள். பூட்டிய கதவைத் திரும்பி வந்து ஆட்டிப் பார்ப்பாள். நான்கு வயது மகள் தியாவுக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அவள் கணவன் நவநீதனுக்கு இதைச் சொல்லிக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது போகாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிஜமாகவே ஒரு காரணம் கிடைத்தது. அவள் வீட்டுச் சமையலறையில் நவநீதன் பீர் போட்டுக்கொண்டிருந்தான்.

போன வாரம் அவன் சம்பா கோதுமையை ஊறவைத்து முளைகட்டி மொட்டை மாடியில் காயவைத்தபோது, குழந்தைக்குச் சத்துமாவு தயாராகிறது என்று நினைத்து அவள் உள்ளம் குளிர்ந்திருந்தாள். இப்போது அந்தக் கோதுமை ஒன்றிரண்டாக உடைபட்டு, வெந்நீரில் ஊறி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டப்பட்டு, குக்கரில் தேன் நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மேடையில் வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய கமலா ஆரஞ்சுத் தோல். பக்கத்தில் சின்ன உரலில் தட்டிய கொத்தமல்லி விதை.

“சத்துமாவுக்குன்னுதானே சொன்னீங்க?”

“சத்துதான். குடிக்கிற சத்து.”

“வீட்ல சாராயம் காய்ச்சினா ஜெயிலுங்க! கீழ் வீட்ல மோப்பம் புடிச்சுட்டாங்கன்னா?”

“சாராயம்னு சொல்லாத, பாவம் அது. மோப்பம் புடிச்சா என்ன? கொத்தமல்லி, ஆரஞ்சுத் தோலு. புதுசா ஏதோ ரசம் வெக்கறாங்கன்னு நெனச்சுக்குவாங்க.”

குக்கரை சிங்க்கில் தேக்கிய தண்ணீரில் இறக்கி ஆறவைத்தான். பிறகு ஆபீஸ் பையிலிருந்து ஊறுகாய் டப்பா ஒன்றை எடுத்தான். உள்ளே வெளிறிய சந்தனக் குழம்பாக ஏதோ இருந்தது.

“இதென்னங்க?”

“ஈஸ்ட்டு. ஆன்லைன்ல வாங்குனது கூரியர் வண்டியிலயே வெயில்ல வெந்து செத்துப்போச்சு. இது நம்ம ஃபேக்டரி சரக்கு. எந்த ஈஸ்ட்டா இருந்தா என்ன, சர்க்கரையத் தின்னுட்டு சாராயத்த விடப்போகுது.”

கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். வீடு உயரத் தொட்டிகளில் ஈஸ்ட் வளர்த்து, அதன் வயிற்றிலிருந்து மாத்திரைக்கான சரக்கை எடுப்பார்கள் என்ற அளவில் மேனகாவுக்குத் தெரியும். என்ன மாத்திரை என்று அவள் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. போலீஸ் வந்து கதவைத் தட்டுவதைக் கற்பனை செய்து நடுங்கிக்கொண்டிருந்ததில், பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்பட அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

பீர் பரணில் நுரைத்து அடங்கி, பாட்டிலுக்குள் போய், பிறகு ஃபிரிட்ஜுக்குள் போனது. முதல் பாட்டிலைத் திறக்க ஜெரால்டு வந்தான். முதல் மாடிக்காரன், நவநீதனின் நெருங்கிய நண்பன், தனிக்கட்டை. ஆள் பார்க்க எருமைக்கடா போல இருந்தாலும் லிஃப்ட் என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். சின்ன வயதில் ஒருமுறை மாட்டிக்கொண்டதிலிருந்து அப்படி. நான்காம் மாடியிலிருந்த இவர்கள் வீட்டுக்கு மூன்று மாடியும் படியேறித்தான் வருவான், வந்ததும் தண்ணீர் கேட்பான். பயந்த சுபாவத்தில் தனக்கு ஒரு கூட்டாளி என்று மேனகாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம்.

“என்றா இது, பீர் குடுன்னா கலங்கின ரசத்தக் குடுக்கற?” என்றான் ஜெரால்டு.

“கோதுமை பீர் கலங்கித்தான் இருக்கும். அடில தங்குன வண்டலயும் கலக்கிக் குடிக்கணும், அதான் முறை.” நவநீதன் பாட்டிலை இரண்டு சுழற்று சுழற்றி ஊற்றினான்.

ஒரு வாய் குடித்ததும் ஜெரால்டின் கண் விரிந்தது. நன்றாக இருந்தது என்று அவன் முகமே சொல்லிற்று. மேனகாவுக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலைவலி என்று சொல்லி நகர்ந்துகொண்டாள்.

சில நாள் கழித்து வாசல் மணி அடித்தது. ஜெரால்டு நின்றிருந்தான். மூச்சு வாங்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. அவன் பின்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது.

“லிஃப்ட்லயா வந்தீங்க அண்ணா?”

“ஆமா மேனகா. இத்தன வருசம் எதுக்கு ஏறி ஏறிச் செத்தேன்னே தெரியல.”

அவள் சிரித்தாள், கை தட்டிப் பாராட்டினாள். ஆனால் அவன் போன பிறகு மூடிய லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நவநீதனிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. ஒரு வாரமாக அவன் வண்டிச் சாவியை எடுக்கும்போது ஹெல்மெட்டைத் தொடுவதில்லை. சொன்னால், “ஓ, ஆமால்ல” என்று சொல்லிவிட்டு அப்படியே போய்விடுவான். சண்டைக்குக்கூட வருவதில்லை. அவளைக் கிண்டல் செய்வதும் நின்றுபோயிருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட அவளை உறுத்திற்று.

அடுத்த திங்கட்கிழமை ஜெரால்டை லாரி அடித்துவிட்டது என்று போன் வந்தது.

மேனகா தியாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். நவநீதன் ஓடவில்லை, நடந்தான். ஜெரால்டுக்கு இரண்டு காலிலும் கட்டு, இடுப்பில் கம்பி, முகம் முழுக்கச் சிராய்ப்பு. அவர்களைப் பார்த்ததும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவனைப் போலச் சிரித்து வரவேற்றான்.

“எப்படி அண்ணா? பாக்கலயா நீங்க?” மேனகா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பாத்தேனே. நல்லாவே பாத்தேன். ஹாரன் அடிச்சுட்டே வந்தான். பெரிய வண்டி வருது, நகரணும்னு தெரிஞ்சுது. ஆனா நகரணும்னு தோணல மேனகா.”

“வலிக்குதா?”

“செமத்தியா வலிக்குது. டாக்டர் வேற, இனி நடக்கறது கஷ்டம்னாரு.” அதை அவன் நாளைக்கு மழை வரலாம் என்பது போலச் சொன்னான்.

கட்டுக்கும் ரத்தத்துக்கும் மேனகா பயந்தது கொஞ்சம்தான். அந்தப் புன்னகையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். நெருங்கிய நண்பன் நொறுங்கிக் கிடக்கிறான், நவநீதன் ஜன்னல் வழியே வேப்பமரத்து அணிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் தியாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பஸ்களுக்கு நடுவே ஆள்கூட நுழைய முடியாத சந்தில் நவநீதன் காரை விட்டான். பக்கக் கண்ணாடி உரசிப் பறந்தது. தியா கலகலவென்று சிரித்தாள்.

“உங்க ஃபேக்டரில அந்த ஈஸ்ட்டு என்ன மருந்து செய்யுது?” பல் கிட்டிப்போய்க் கேட்டாள் மேனகா.

“பயத்துக்கு. தீயணைப்புப் படைக்கு, எல்லைல இருக்கற பட்டாளத்துக்கு, அப்புறம் எதுக்கெடுத்தாலும் படபடன்னு வர்ற நோயாளிங்களுக்கு. ஒரு மாத்திர போட்டா அர நாளைக்கு மனசுல பயம்ங்கற பேச்சே இருக்காது. அப்புறம் சரியாயிடும்.”

“ஜெரால்டு அண்ணாவுக்கு ஏன் சரியாகல? உங்களுக்கு ஏன் சரியாகல?”

“அது மாத்திரை மேனகா, தீந்துபோயிடும். நாங்க குடிச்சது உயிரோட இருக்கற ஈஸ்ட்டு. வண்டலோட குடிச்சோமில்ல? குடல்லயே குடித்தனம் வந்துடுச்சுன்னு நெனைக்கறேன். நாம சாப்புடறதுலயே அது சாப்புட்டு, மருந்த ஊத்திக்கிட்டே இருக்கும்.” எதிரே ஆம்புலன்ஸ் வருவதைப் பார்த்தும், முன்னால் போன வண்டியை வளைந்து முந்தினான். “நான் யோசிக்காம விட்டுட்டேன். தப்புதான்.”

“தப்புதானா? மாத்து மருந்து இல்லயா?”

“இருக்கே. பூஞ்சைக்குக் குடுக்கற மருந்து எதுவும் கொன்னுடும். ஆனா எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“காரை நிறுத்துங்க!” என்று அலறினாள். அவன் நிறுத்தினான், நடுரோட்டில். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கை காட்டிய முதல் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

வீட்டு வளாகத்துக்குள் நுழைந்தபோது குடிநீர் லாரி ஒன்று தொட்டிக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஆட்டோக்காரரிடம் காசு கொடுக்க மேனகா பையைத் துழாவினாள். நிமிர்ந்தபோது தியா கையில் இல்லை. லாரிக்கு நேர் பின்னால் நின்று, தன்னை நோக்கி வரும் சக்கரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போகிற குழந்தை அது. பாய்ந்து போய் இழுத்தபோது சக்கரம் தியாவின் செருப்பு ஒன்றின்மேல் ஏறி இறங்கியது.

“ஏன்டி நகரல? சத்தம் கேக்கலயா உனக்கு?”

“கேட்டுச்சும்மா. பெரிசா வந்துச்சு,” என்றாள் தியா, சாவகாசமாக.

மேனகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தியா பீரைத் தொட்டதே இல்லையே, எப்படி?

நவநீதன் வந்ததும் சட்டையைப் பிடித்துவிட்டாள். “குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “பழைய சோறுதான். தெனமும் காலைல என் மடில உக்காந்து சாப்புடறாளே.”

“அதுல?”

“பாட்டில்ல மிச்சமிருந்த வண்டலக் கொட்ட மனசு வரல. ஈஸ்ட்டுல பி வைட்டமின் நெறய. சோத்துப் பானைல ஊத்தி வெச்சேன். நல்லாத்தான் புளிச்சுது.”

அந்தப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவநீதன் வீட்டு வழக்கம் அது. ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். பானையை முழுதாகக் காலி செய்து கழுவ மாட்டார்கள். அடியில் கொஞ்சம் நீராகாரம் விட்டு அதன் மேலேயே அடுத்த நாள் சோற்றைப் போடுவார்கள், அப்போதுதான் ருசி கூடும். வண்டல் ஒருமுறைதான் ஊற்றப்பட்டது. பானை அதைத் தினமும் வளர்த்துத் தந்துகொண்டிருந்தது. அடுப்பில் ஏறாத சாப்பாடு, ஈஸ்ட்டுக்கு ஒரு குறையுமில்லை.

மேனகா பானையை எடுத்துப் போய்க் கழிவறையில் கொட்டி, வெந்நீரை ஊற்றி, பானையையும் உடைத்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய குழந்தைகள் டாக்டர் மதுரவல்லியிடம் போனாள். வழியெல்லாம் ஒரே யோசனைதான். உண்மையைச் சொன்னால் வீட்டில் பீர் போட்டதற்கும் ஈஸ்ட்டைத் திருடியதற்கும் நவநீதன் உள்ளே போவான். சொல்லாவிட்டால் குழந்தை அடுத்த லாரிக்குப் போய்விடும். வாழ்க்கையிலேயே அவ்வளவு பயத்தோடு அவள் யாரிடமும் பேசியதில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் நம்பவில்லை. பிறகு மேஜை மேலிருந்த ஊசியை தியாவின் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். குழந்தை இமைகூடக் கொட்டாமல் ஊசியைத் தொடக் கை நீட்டியது. டாக்டரின் முகம் மாறிவிட்டது.

“பூஞ்சைக்கான சிரப் எழுதறேன். விடாம குடுக்கணும். ரெண்டு மூணு வாரம் ஆகலாம். சுகாதாரத் துறைக்கு நான் தெரிவிச்சாகணும்மா, என்னைத் தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்தச் சோறு சாப்புட்டீங்களா?”

“இல்லைங்க டாக்டர். எனக்குப் பழைய சோறு ஆகாது, சளி புடிச்சுக்கும்.”

“நல்லவேளை. குழந்தைக்கு சூடு, உயரம், வண்டி எதுவும் இப்போ உறைக்காது. அவளுக்கும் சேத்து நீங்கதான் பயப்படணும்.”

“அது எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லைங்க டாக்டர்,” என்றாள் மேனகா, அழுகையும் சிரிப்புமாக.

நவநீதனுக்கும் மாத்திரை வாங்கி வந்தாள். அவன் அதைக் கையில் வாங்கி, பார்த்து, மேஜைமேல் வைத்துவிட்டான். மறுநாள் தொழிற்சாலைக்குப் போய் நடந்ததை அவனே ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். சொல்வதற்கு அவனுக்கென்ன தடை? போலீஸ் வரும் என்று மேனகா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவனிடமிருந்து போன்தான் வந்தது.

“திட்டவே இல்ல மேனகா. பெரிய முதலாளியே வந்து கை குலுக்கினாரு. மாத்திரன்னா தெனம் வாங்கணும், இது ஒரு டம்ளர் போதும்ங்கறாரு. பட்டாளத்துலருந்து ஆள் வராங்களாம். அதே மாதிரி இன்னொரு பேட்ச் போடச் சொல்லிருக்காங்க. ஆரஞ்சுத் தோல் எவ்வளவு போட்டேன்னு எனக்கே ஞாபகமில்ல. கொஞ்ச நாள் இங்கயேதான் தங்கணும்.”

“அவங்க உங்களை எலி மாதிரி வெச்சு ஆராய்ச்சி பண்ணப் போறாங்கங்க. ஓடி வந்துடுங்க.”

“பண்ணட்டுமே,” என்றான் நவநீதன்.

போனை வைத்துவிட்டு மேனகா வெகுநேரம் அழுதாள். கணவன் போய்விட்டான் என்றே அவளுக்குப் பட்டது. டாக்டர் தெரிவித்தும் சுகாதாரத் துறையிலிருந்து யாரும் வரவில்லை. வராமல் இருந்ததும் அவளைப் பயமுறுத்தியது. இனி இருப்பது தியா ஒருத்திதான், அவளையாவது காப்பாற்றிவிட வேண்டும். பால்கனிக் கதவுக்கு மேலும் கீழும் தாழ் போட்டாள். கத்திகளை அலமாரி உச்சியில் ஏற்றினாள். அடுப்பு எரியும்போது குழந்தையைத் தன் இடுப்போடு துப்பட்டாவால் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தூங்கும்போதும் தியாவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். ஒரு வேளைகூடத் தவறாமல் சிரப்பைக் கொடுத்தாள்.

வாரம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மெள்ள மெள்ள மேனகாவுக்கு நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. ராத்திரியில் நன்றாகத் தூக்கம் வந்தது. மருந்து வேலை செய்வதால் வந்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள். துப்பட்டாக் கட்டு ஒருநாள் மறந்துபோயிற்று. மேல்தாழ் போதும், கீழ்த்தாழ் எதற்கு என்று தோன்றிற்று. அப்புறம் மேல்தாழும் எதற்கு என்று தோன்றிற்று. நவநீதனைப் பற்றி நினைத்தால் அழுகை வருவதில்லை. அவன் அங்கே நன்றாகத்தான் இருப்பான்.

அவள் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. பழைய சோற்றை அவள் ஒருநாளும் தட்டில் போட்டுச் சாப்பிட்டதில்லை. தியா மிச்சம் வைக்கும் இரண்டு வாயை வீணாக்க மனசில்லாமல் தினமும் தன் வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவுவாள், அவ்வளவுதான். குழந்தை தட்டில் மிஞ்சியதைத் தின்பதை எந்த அம்மாவும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவளுக்குள் ஈஸ்ட் கொஞ்சமாகப் போனது, கொஞ்சம் தாமதமாகக் குடியேறியது.

ஒரு சாயங்காலம் பால்கனிக் கொடியிலிருந்து தியாவின் சின்னப் பாவாடை காற்றில் பறந்து, மூன்றாம் மாடி ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடில் போய் விழுந்தது. மேனகா பார்த்தாள். கைக்கு எட்டுகிற தூரமில்லை, கால் வைத்து இறங்கினால் எடுத்துவிடலாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அகலமில்லாத அந்த சிமெண்ட் பலகைமேல் இறங்கி நின்றாள். பழைய மழையின் பாசி காலடியில் வழுக்கியது. கீழே கார்கள் வரிசையாக நின்றது பார்க்க அழகாக இருந்தது.

“அம்மா!”

தியா பால்கனியில் நின்றிருந்தாள். முகம் வெளுத்து, உதடு கோணி, சின்ன உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரின் இடைவெளி வழியே கை விட்டு அம்மாவின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். “வேண்டாம்மா! விழுந்துருவம்மா! உள்ள வாம்மா, பயமா இருக்கும்மா!”

எவ்வளவு நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! மேனகா திரும்பி மகளைப் பார்த்தாள். பரவாயில்லை, டாக்டர் கெட்டிக்காரிதான், சிரப் நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டாள். பிறகு குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிரித்துவிட்டு, பாவாடையை எடுக்க இன்னும் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.